ஐந்தாம் பாரம்

மோட்டாரை அணைத்துவிட்டு வந்தோமா என்பது ஒரு பயம், அறுபத்து நாலாம் பக்கத்துக்கு அடுத்தது எந்தப் பக்கம் என்பது இன்னொரு பயம். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தபடி சீனியம்மாள் கிளை நூலகத்து மாடியில், மூன்றாவது வரிசை ஓர நாற்காலியில், பச்சைத்துணி அட்டை போட்ட ஒரு புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் தொட்டி நிரம்பித் தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் பைக் சீட்டின் மேல் கொட்டும், அவர் அண்ணாந்து பார்த்து ஏதாவது சொல்வார், கணவர் ராமசுப்புவுக்கு மத்தியானத் தூக்கத்தில் இடி விழுந்தாலும் காது கேட்காது. இல்லை, அணைத்தாள், சுவிட்சுக்குப் பக்கத்துக் காலண்டரில் தாள் கிழித்தது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது நேற்றுக் கிழித்ததாகவும் இருக்கலாம். முன்னால் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி மருந்துக்கடை நஸ்ரின் பேசிக்கொண்டிருந்தாள். மாதத்தின் கடைசி ஞாயிறு நாலு மணிக்கு வாசகர் கூட்டம். இந்த மாதம் விஞ்ஞானக் கதைகளும் மாயக் கதைகளும். மூன்று பேர் தங்களுக்குப் பிடித்த மும்மூன்று புத்தகங்களை மற்றவர்கள் எடுத்துப் படிக்கும்படி சொல்ல வேண்டும். முதலில் நஸ்ரின், அடுத்தது கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற அய்யலுசாமி சார், மூன்றாவது சீனியம்மாள். கூட்டத்தில் இருபத்து மூன்று பேர். படியேறி வரும்போதே எண்ணிவிட்டாள், பைண்டிங் வேலையில் முப்பத்தைந்து வருஷமாக மடித்த தாளை எண்ணி எண்ணி, எதைப் பார்த்தாலும் விரல் தானாக எண்ணத் தொடங்கிவிடும். “டிராகனுக்கு வயசு எண்ணூறு. அதுக்கு மறதி வந்துருது. தான் எரிச்ச ஊரோட பேரெல்லாம் மறந்துபோச்சு. அந்தப் பேரைத் தெனமும் அதுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பொண்ண வேலைக்கு வைக்கிறாங்க” என்று நஸ்ரின் சொன்னபோது இருபத்து மூன்று பேரும் சிரித்தார்கள். சீனியம்மாளும் சிரித்தாள். அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து உருவி நஸ்ரின் கையில் கொடுத்ததே அவள்தான். அந்த மாதிரிப் புத்தகம் எது வேண்டும் என்று யார் கேட்டாலும் நூலகர் ஹெலன் மேடம் தலையைத் தூக்காமலே, சீனிக்காகிட்டக் கேளுங்க என்றுதான் சொல்லுவார். அதற்கு அவளிடம் ஒரு சோதனை இருந்தது. புத்தகத்தை நடுவில் பிரித்து, பத்துப் பக்கத்துக்குள் யாராவது சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பாள். செவ்வாய்க் கோளுக்கே போனாலும் பசிக்கும். என்ன சாப்பிட்டார்கள், யார் சமைத்தார்கள், எச்சில் தட்டு எங்கே போனது என்று யோசிக்காத எழுத்தாளர் ராக்கெட்டைப் பற்றிச் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது. இந்தச் சோதனை இதுவரை தவறியதில்லை. ‘ஏழாம் நிலவின் சலவைக்காரி’யை அப்படித்தான் கண்டுபிடித்தாள், நட்சத்திரங்களுக்குப் போய்வருகிறவர்களின் உடுப்பைத் துவைத்து, பையில் கிடக்கிற மணலை வைத்தே யார் எங்கே போனார்கள் என்று சொல்லிவிடுகிற பெண்பிள்ளை. ‘ஆந்தைகள் கூடிய ஊர்’ கூட அப்படித்தான். இன்றைக்குச் சொல்ல வேண்டிய இரண்டாவதும் மூன்றாவதும் அவை. அவற்றில் பயம் இல்லை. முதல் புத்தகம் மடியில் கவிழ்ந்து கிடந்தது.

போன மாதமே அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியாகிவிட்டது, அதுதான் வினை. ‘நேற்றின் துறைமுகம்’. கலங்கரை விளக்கத்தைக் காக்கிற ஒருவன், காய்ச்சலில் செத்துப்போன மனைவி, நேற்றுகளுக்குப் போகிற ஒரு படகு. அறுபத்து நாலு பக்கம் அவன் படகு கட்டுவதே போகும். பிறகு துடுப்பைத் தூக்குவான், வாக்கியம் பாதியில் அறுந்துபோகும். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அவளைப் புதைத்த மண் இன்னும் ஈரமாக இருக்கும், தப்பான நேற்றில் போய் இறங்கிவிட்டான். அங்கேயிருந்து ஒவ்வொரு நாளாகத் தேடுவான், மழை நாளில் போய் நிற்பான், கல்யாணத்துக்கு முந்திய நாளில் போய் நிற்பான், அவளுக்கு இவனை யாரென்றே தெரியாது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் மீன் அரிகிறாள். தலை வாருகிறாள். கதவுக் கீலுக்கு எண்ணெய் போடச் சொல்லி மூன்று தடவை சொல்கிறாள். பதினாறு பக்கத்துக்கு ஒன்றுமே நடக்காது. அதற்குப் பிறகு அவன் படகை உடைத்து விறகாக்குகிறான், அடுப்பு எரிகிறது, கடல் சத்தம் கேட்கிறது, கதை முடிந்துவிடும். ஏன் உடைத்தான் என்று எழுதியவர் சொல்ல மாட்டார், சொல்ல வேண்டியதில்லை, வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான், இனி எதற்குப் படகு. இதைத்தான் எழுந்து நின்று சொன்னாள். “நாலு எடத்துல காலம் தாண்டுறான். நாலு எடத்துலயும் வாக்கியம் பாதியில அறுந்துபோகுது. எழுதுனவரு வேணும்னே அப்படிச் செஞ்சிருக்காரு. எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிருச்சு” என்றாள். கைதட்டினார்கள். நாலு பேர் புத்தகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள், அதில் ஒருவர் அய்யலுசாமி சார். அவர் புதுப்பிரதியே வரவழைத்துவிட்டார். பத்து நாள் கழித்து வாசகர் கூட்ட வாட்ஸப்பில் அவருடைய செய்தி வந்தது. ‘நேற்றின் துறைமுகம் வாசித்து முடித்தேன். சகோதரி சீனியம்மாள் குறிப்பிட்ட வாக்கியம் அறுபடும் உத்தி இந்நூலில் எங்கும் இல்லை. இறுதியில் மனைவி வருவதும் இல்லை. அவர் வேறு ஏதேனும் நூலை வாசித்திருக்கலாம், அல்லது வாசிக்காமலே பேசியிருக்கலாம்.’ கீழே இரண்டு கும்பிடு. அந்தக் கும்பிடுதான் அவளுக்குத் தூக்கத்தில் வந்தது. வாசிக்காமலே. ஏழு தடவை படித்த புத்தகத்தை. வேலையிடத்தில் எதிரே உட்காரும் பேச்சியிடம் காட்டினாள். “படிச்சவுகளுக்கு நாம படிக்கிறதே தாங்காதுக்கா, விடுங்க” என்று பேச்சி சொன்னாள், அதில் ஆறுதல் இல்லை, ஏனென்றால் அய்யலுசாமி சார் அப்படிப்பட்டவர் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆள். அவரே இல்லை என்கிறார் என்றால் இல்லைதான், அப்படியென்றால் தனக்கு எங்கேயிருந்து வந்தது.

எங்கேயிருந்து வந்தது என்பது இன்றைக்கு இரண்டு மணிக்குத்தான் தெரிந்தது. ஆளில்லாத நேரத்தில் ஒரு தடவை பேசிப் பார்க்கலாம் என்று சீக்கிரமே வந்திருந்தாள். பேசப்படும் புத்தகங்களை ஹெலன் மேடம் மேசையில் நிறுத்தி வைத்திருந்தார், சாருடைய புதுப்பிரதியும் அதில் இருந்தது. பார்த்திருக்கவே வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தத் துடுப்புத் தூக்குகிற இடத்தைத் திருப்பினாள். புதுப்பிரதியில் வாக்கியம் அறவில்லை. துடுப்பைத் தூக்கினான், அடுத்த பக்கம் கதவு திறந்தது, செவ்வாய்க்கிழமை, அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அறுபத்தைந்தாம் பக்கத்திலேயே. ஈரமண் எங்கே என்று தேடினால் அது நூற்று இருபத்தொன்பதில் கிடந்தது. அந்த இரண்டு எண்ணையும் பார்த்ததும் மூளைக்கு முந்திக் கட்டை விரலுக்குப் புரிந்துவிட்டது. அச்சு ஆபீசிலிருந்து தாள் பெரிய தாளாகத்தான் வரும். அதை மடித்தால் பதினாறு பக்கம், அதற்குப் பாரம் என்று பெயர், முதல் பாரம் இரண்டாம் பாரம் என்று வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். அறுபத்தைந்தில் தொடங்குவது ஐந்தாம் பாரம். நூற்று இருபத்தொன்பதில் தொடங்குவது ஒன்பதாம் பாரம். பச்சை அட்டைப் பிரதியில் ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதும், ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தும் இருந்தன. பிய்ந்துபோன புத்தகத்தைப் பிரித்து மறுபடி தைக்கும்போது யாரோ மாற்றி அடுக்கிவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பள்ளி நோட்ஸைப் பார்த்துப் பாரம் மாறியதை ஒரு புரட்டில் தூக்கி வெளியே போடுகிறவள், தனக்குப் பிடித்த புத்தகத்தில் ஏழு தடவை அதைப் பார்க்கவில்லை. பக்க எண் இருந்திருந்தால் பார்த்திருப்பாள். கட்டிங் மெஷினில் ஓரம் அதிகமாகப் போய், அடியில் இருந்த எண்கள் எல்லாம் வெட்டுப்பட்டுவிட்டன. சரி, எண் இல்லை, வாக்கியம் அறுந்து கிடந்ததே, அப்போதாவது சந்தேகம் வர வேண்டாமா. வரவில்லை. பைண்டிங்காரி தப்புச் செய்வாள் என்று பைண்டிங்காரிக்கே தோன்றவில்லை, எழுதியவர் பெரிய ஆள், அவர் காரணமில்லாமல் செய்ய மாட்டார் என்றுதான் தோன்றியது. எட்டாம் வகுப்பிலும் இதே கதைதான். எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னார்கள், இரண்டு தாள் பசை ஒட்டியது மாதிரி ஒட்டியிருந்தது, ஒரு ராஜா வேட்டைக்குப் போனவர் அடுத்த வரியில் கப்பலிலிருந்து இறங்கினார், அவள் குரல் மாறாமல் வாசித்துக்கொண்டே போனாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. “ஏம்மா, காட்டுக்குப் போனவன் கப்பல்ல எப்படி வந்தான்னு ஒனக்குக் கேக்கவே தோணலியா?” என்றார் வாத்தியார். தோன்றியது. காரணம் பின்னால் வரும் என்று நினைத்தாள், அவ்வளவுதான். அதைச் சொல்லத் தெரியாமல் நின்றாள். அடுத்த வருஷம் அப்பாவுக்குக் கால் போனதும் பள்ளிக்கூடம் நின்றது, இந்தச் சிரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இரண்டும் மனசில் பக்கத்தில் பக்கத்தில் தைத்துக் கிடக்கின்றன. அந்தக் காலத்தில் பத்தாம் வகுப்பைத்தான் ஐந்தாம் பாரம் என்பார்களாம், அப்பா சொல்லியிருக்கிறார். அவள் அதுவரைக்கும் போகவில்லை.

நஸ்ரின் பேசி முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “எப்படிக்கா?” என்று குனிந்து கேட்டாள். “டிராகனக் கடைசில என்ன செஞ்சாங்கன்னு சொல்லாம விட்ட பாரு, அதான் பேச்சு” என்றாள் சீனியம்மாள். “நீங்க வெளுத்து வாங்குங்க, சாருக்கு இன்னிக்கு இருக்கு” என்று நஸ்ரின் அவள் தொடையில் தட்டினாள். இந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. யாருக்கும் தெரியாது, ஹெலன் மேடத்துக்கும் தெரியாது, இரண்டு மணியிலிருந்து இது அவள் ஒருத்தி வயிற்றில்தான் கிடக்கிறது. முன்னால் அய்யலுசாமி சார் மைக்கின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மைக் எப்போதும் கீழே இறங்கும். சீனியம்மாள் புத்தகத்தை நிமிர்த்தி, பிரிக்காமல், ஓரத்தை மட்டும் விரலால் வருடினாள். மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் இந்த ஓரத்தைத்தான் வருடிக்கொண்டிருந்தாள், மூன்று வருஷம் ஆகிறது. ராமசுப்பு லோடு ஆட்டோவை நடுரோட்டில் நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வராந்தாவில் பினாயில் வாசனை, யாரோ தயிர்சாதம் பிரிக்கிற வாசனை, உள்ளே ஒருத்தரைத்தான் விடுவார்கள், அதுவும் காலையில் ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை. மிச்ச நேரத்துக்கு இந்தப் புத்தகம். முதல் நாளே படகு கட்டி முடித்தான், இரண்டாம் நாள் ஈரமண், அதைப் படித்ததும் மூடி வைத்துவிட்டாள், இனிமேல் தொடக் கூடாது என்று நினைத்தாள், ஆனால் வராந்தாவில் வேறு என்ன இருக்கிறது. மறுபடி எடுத்தாள். அவன் தேடத் தேட இவளும் கூடவே போனாள். நெஞ்சில் குழாய் விட்டு அடைப்பை எடுக்க உள்ளே கொண்டுபோன அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை வந்தது. நிஜமாக அன்றைக்குக் கிழமை வெள்ளி, புத்தகத்தில் செவ்வாய். மீன் அரிகிறாள், தலை வாருகிறாள், கதவுக்கு எண்ணெய் போடச் சொல்கிறாள், அவள் உயிரோடு இருக்கிறாள், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஏதோ இருப்பதுதான் வழக்கம் என்பது போல. சீனியம்மாளுக்கு அப்போது தெரிந்துவிட்டது, ஆள் திரும்பி வந்துவிடுவார். டாக்டர் சொல்வதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே. திரும்பி வந்தார். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, வீட்டப் பூட்டுனியா. பாரம் மாறாமல் இருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை என்ன வந்திருக்கும். ஈரமண். உள்ளே ஆள் படுத்திருக்க, வெளியே இவள் ஈரமண்ணைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நினைத்ததும் புத்தகத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

அய்யலுசாமி சார் தெளிவாகப் பேசினார், எப்போதும் போல. ஒளியின் வேகம், போன நூற்றாண்டு, எந்தக் கதையில் கணக்குச் சரி, எந்தக் கதையில் பிசகு. அவர் புத்தகங்களில் யாரும் சாப்பிடுவதில்லை, ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. சீனியம்மாளின் விரல் ஓரத்திலிருந்து உள்ளே போயிருந்தது. நடுமடிப்பில் நூல் தட்டுப்பட்டது. இரண்டு மணிக்கே இதைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கப் பயந்துதான் விட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் நூலகப் புத்தகங்கள் முந்நூறு, பழுதுபார்க்க அவர்கள் வேலையிடத்துக்குத்தான் வந்தன. பச்சைத்துணி அட்டை. தைத்தது ஏழு பேர். ஏழு பேரில் ஆறு பேர் வலக்கைக்காரர்கள், முடிச்சை வலப்பக்கமாக இழுத்து அமுக்குவார்கள். ஒருத்தி மட்டும் இடதுகை. வேண்டாம், பார்க்காதே, யாராக இருந்தால் என்ன, புத்தகத்தை மூடு, இரண்டாவது புத்தகத்தையும் மூன்றாவது புத்தகத்தையும் பேசிவிட்டு இறங்கிப் போய் மோட்டாரைப் பார். விரல் கேட்கவில்லை. நூலோடு கீழே இறங்கியது, கடைசித் துளை வரைக்கும் போனது, முடிச்சு இடப்பக்கம் அமுங்கி இருந்தது. சின்ன முடிச்சு, வால் ஒட்ட நறுக்கின முடிச்சு, வால் நீளமாக விட்டால் அவளுக்குப் பிடிக்காது. சீனியம்மாளின் இடதுகைதான். எந்த நாள் என்று யோசித்தாள். முந்நூறில் இது எத்தனையாவது. தலைவலியா, மகள் சுபாவுக்குப் பரீட்சை முடிவு வந்த நாளா, இல்லை பேச்சி ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாளா, அப்போது பக்க எண் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்திருக்கும், பார்த்துத்தானே அடுக்கியிருப்பாள், ஒன்பதை எடுத்து ஐந்தின் இடத்தில் வைக்கிற அளவுக்குக் கண் எங்கே போயிருந்தது. ஞாபகம் வரவில்லை. வரவும் வராது, கையில் ஆயிரம் போகிறது, ஒன்று நிற்பதில்லை. தப்புச் செய்ததும் தெரியாமல், திரும்பி வந்ததும் தெரியாமல், அதே தப்பை மடியில் வைத்துக்கொண்டு மதுரையில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. சிரிப்பு மாதிரி ஒன்று மூக்கு வரைக்கும் வந்து நின்றது. வேட்டைக்குப் போன ராஜாவைக் கப்பலில் இறக்கினது இந்தத் தடவை அவளேதான்.

சரி, இனி என்ன சொல்வது. மூன்று வழி இருந்தது, மூன்றையும் எண்ணினாள். முதல் வழி, முதல் புத்தகத்தை விட்டுவிடுவது. விட்டால் சார் எழுதியது எழுதியபடியே நிற்கும், சீனியம்மாள் படிக்காமலே பேசுகிறவள், அதற்கப்புறம் ஹெலன் மேடம் தலையைத் தூக்காமல் சொல்கிற அந்த ஒரு வார்த்தை இருக்காது, நஸ்ரின் வேண்டுமானால் கேட்பாள், புதிதாக வருகிறவர்கள் கேட்க மாட்டார்கள். இரண்டாவது வழி, வேறு புத்தகத்தோடு குழம்பிவிட்டது, வயசாகிறது, மன்னிக்கணும் என்று சொல்வது. அது எளிது. எல்லாரும் பெருந்தன்மையாகச் சிரிப்பார்கள். ஆனால் அது பொய், அந்தச் செவ்வாய்க்கிழமையை இல்லை என்று சொல்கிற பொய், வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளைப் பைத்தியக்காரி ஆக்குகிற பொய். மூன்றாவது வழி உள்ளதைச் சொல்வது. பாரம் மாறிப்போச்சு, மாத்துனது நான். சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள், எட்டாம் வகுப்பு மாதிரியே, தைத்தவளுக்கே தெரியவில்லையாம் என்று. புத்தகத்தையும் பிடுங்கிக்கொள்வார்கள், பிழையான பிரதி என்று பழுதுபார்க்க அனுப்புவார்கள், ஐந்து ஐந்தாகிவிடும், ஒன்பது ஒன்பதாகிவிடும், அவன் மனைவி கடைசியில் மண்ணுக்குள் போய்விடுவாள். இதை நினைத்தபோதுதான் அவளுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. புதுப்பிரதியை இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை புரட்டினாளே, வரிசைப்படி படித்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன ஆகிறது. ஆரம்பத்தில் ஒரு தடவை வருகிறது, போகிறது, படகு ஓடுகிறதா என்று பார்க்கிற வெள்ளோட்டம், அவ்வளவுதான். மீன் அரிகிறவளை யாரும் நின்று பார்ப்பதில்லை. கடைசியில் அவன் படகை உடைப்பது வெறும் தோற்றுப்போனவன் உடைப்பது. அதே வரிகள், ஒரு எழுத்து மாறவில்லை, இரண்டு பாரம் இடம் மாறினால் ஒருவன் தோற்கிறான், ஒருவன் வீடு வந்து சேர்கிறான். எது நல்ல கதை என்று அவளைக் கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள், இந்த ஊரில் இந்த மாதிரிப் புத்தகங்களை அவள் அளவுக்குப் படித்தவர்கள் இருந்தால் கை தூக்கட்டும். அப்போது சார் முன்னால் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார், “விஞ்ஞானப் புனைவுல இன்னொரு வகையும் உண்டு. புத்தகத்தைத் திறக்காமலே உள்ள என்ன இருக்குன்னு சொல்றது. அதை நம்ம ஊர்லதான் கண்டுபிடிச்சிருக்காங்க.” முன்வரிசை சிரித்தது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். சாரும் பார்த்தார், வன்மமாக இல்லை, வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற மாதிரி. சீனியம்மாள் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். வருகிறேன், இருங்கள் என்கிற மாதிரி.

ஹெலன் மேடம் பெயர் சொன்னதும் எழுந்து நடந்தாள், எட்டடி, எண்ணினாள். மைக்கை அவள் தொடவில்லை, இருந்த உயரத்திலேயே போதுமாக இருந்தது. பச்சைப் புத்தகத்தை மேசையில் வைத்தாள், சாருடைய புதுப்பிரதியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். “சார் எழுதுனது சரி. அவரு புத்தகத்துல நான் சொன்னது எதுவும் இல்ல. நான் சொன்னது இந்தப் புத்தகத்துல இருக்கு” என்று தொடங்கினாள், தன் குரல் சுவரில் போய் முட்டித் திரும்புவது கேட்டது, பரவாயில்லை, கேட்கட்டும். “இதுல அஞ்சாம் பாரமும் ஒம்பதாம் பாரமும் எடம் மாறிக் கெடக்கு. பழுதுபாக்க வந்தப்ப மாத்தித் தச்சுட்டாங்க. தச்சது நான். முடிச்சப் பாத்து இப்பத்தான் கண்டுபிடிச்சேன், அந்தா அந்த நாற்காலியில ஒக்காந்து.” சிரிப்பு வந்தது, எதிர்பார்த்த சிரிப்புதான், எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. அது அடங்கும்வரை நின்றாள். “சிரிங்க. ஏழு தடவ படிச்சிருக்கேன், எனக்கே தெரியல. வாக்கியம் அறுந்துபோனத எழுத்தாளர் செஞ்சாருன்னு போன மாசம் இங்க நின்னு பெருமையாச் சொன்னேன். அது எழுத்தாளர் இல்ல, நூலு. ஆனா நான் படிக்காமப் பேசல. இந்த மாதிரி அடுக்குல இந்தக் கதைய இந்த ஒலகத்துல நான் மட்டுந்தான் படிச்சிருக்கேன். படிச்சு, இதத்தான் ஒங்களுக்கும் சொல்றேன், அச்சடிச்ச வரிசைய இல்ல.” பிறகு எப்படிப் படிக்க வேண்டும் என்று சொன்னாள், அறுபத்து நாலிலிருந்து நூற்று இருபத்தொன்பதுக்குப் போக வேண்டும், அதை முடித்ததும் எண்பத்தொன்றுக்குத் திரும்ப வேண்டும், நூற்று இருபத்தெட்டு வரைக்கும் வந்தபிறகுதான் அறுபத்தைந்தைத் திறக்க வேண்டும், அதற்கு முன்னால் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, எண்பது முடிந்ததும் நேராக நூற்று நாற்பத்தைந்து. நஸ்ரின் போனில் எழுதிக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் ஒருவர் “அறுபத்தஞ்சா, அறுபத்தாறாம்மா?” என்று கேட்டார். அய்யலுசாமி சார் கையை உயர்த்தினார், பேச்சுக்கு நடுவில் அவர் கையை உயர்த்தி யாரும் பார்த்ததில்லை. “அப்ப அந்தச் செவ்வாய்க்கிழமை கடைசிக்கு வந்துருது” என்றார் மெதுவாக. “வந்துரும் சார்.” “படகை உடைக்கிறான்.” “ஒடைக்கிறான்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். “அப்ப அவன் திரும்பிப் போகல. அங்கேயே தங்கிடறான். கணக்குப்படி அது” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். “சாப்பாடு தயாராயிட்டு இருக்கு சார், எங்க போவான்” என்றாள் சீனியம்மாள். இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி வந்தது, சாருடையதும் அதில் இருந்தது. ஹெலன் மேடம் பச்சைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்து, “அக்கா, முறைப்படி இதை நான் பழுதுன்னு எழுதி அனுப்பணும்” என்று தயங்கினார். சீனியம்மாள் வாயைத் திறப்பதற்குள், “எழுதுங்க மேடம், எழுதாம விட முடியாது. நான் படிச்சு முடிச்ச பிறகு எழுதுங்க” என்றார் அய்யலுசாமி சார். “சார், ஒங்ககிட்டத்தான் புதுசு இருக்கே, பக்கத்தப் பெரட்டிப் பெரட்டிப் படிங்க, நான் போன மாசமே இதுக்குச் சொல்லி வச்சுட்டேன்” என்று நஸ்ரின் எழுந்தாள். “போன மாசம் இதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதும்மா.” “ஒங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும் சார்.” பின்வரிசைக்காரர் எழுந்து, தானும் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே முன்னால் வந்தார், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், ஹெலன் மேடம் ஒரு காகிதத்தில் வரிசை எழுதத் தொடங்கினார். சீனியம்மாள் அவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. மைக்கின் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து, “எல்லாரும் ஒக்காருங்க” என்றாள், “ரெண்டாவது புத்தகத்துக்கு வாரேன்.”